கொடி ஏன் கை காட்டியது?

வாசகர் கேள்வி – பதில்: அணியும் யாப்பும்

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன், பாட்டில் 'போல்' வந்தால் உவமையணி என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறான். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் கொடியைப் பற்றிய அடிகளிலும் 'போல்' வருகிறது. ஆனால் அதைத் தற்குறிப்பேற்ற அணி என்கிறார்கள். இரண்டையும் அவனுக்கு எப்படிப் பிரித்துக் காட்டுவது? (ஒரு தாய், திருநெல்வேலி)

பதில்: உங்கள் மகன் 'போல்' என்ற உருபைப் பிடித்துக்கொண்டு அணியைத் தேடுகிறான். பிழை அவனுடையது மட்டும் அன்று. மதிப்பெண்ணுக்குக் குறுக்குவழி சொல்லித் தரும் நம் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. அணியின் பெயரை முதலில் தேடாமல், அந்தச் சொற்கள் அவ்விடத்தில் என்ன வேலை பார்க்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உவமைக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, கவிஞர் பேச எடுத்துக்கொண்ட பொருள். மற்றொன்று, அதை விளக்குவதற்காக வெளியிலிருந்து அழைத்து வந்த பொருள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு தன்மை இருக்கும்; அத்தன்மை தொழிலாகவோ பயனாகவோ வடிவாகவோ நிறமாகவோ அமையும் என்பதைத்தான் தொல்காப்பியம் 'வினை பயன் மெய் உரு' என்று நான்காக வகுத்தது. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை, மாரி போலக் கொடுத்தான் என்றால் பயன், துடி (உடுக்கை) போன்ற இடை என்றால் மெய், பவளம் போன்ற வாய் என்றால் உரு.

இனிக் கொடிக்கு வருவோம். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் வையையைக் கடந்து மதுரை மதிலை நெருங்குகிறார்கள். அங்கே, 'போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி, வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' என்கிறார் இளங்கோவடிகள். இங்கே இரண்டாவது பொருள் எது என்று மகனிடம் கேளுங்கள். அவன் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்பான். இருப்பது கொடி ஒன்றுதான்; அது காற்றில் ஆடியது. கோட்டைக் கொடி எந்நாளும் ஆடிக்கொண்டுதான் இருக்கும். அந்த இயல்பான அசைவுக்கு, 'உள்ளே வராதீர்கள்' என்று தடுக்கும் எண்ணத்தைக் கவிஞர் தம் மனத்திலிருந்து எடுத்து ஏற்றுகிறார். தம் குறிப்பை ஏற்றுவதால் தற்குறிப்பேற்றம். அசையும் பொருளிலும் அசையாப் பொருளிலும் இவ்வாறு ஏற்றலாம் என்றும், 'அன்ன', 'போல' முதலிய சொற்கள் இந்த அணியிலும் வரலாம் என்றும் அணியிலக்கண நூலான தண்டியலங்காரமே சொல்லிவிட்டது. ஆகவே 'போல்' வந்ததை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

இந்தப் பகுதியில் நான் மிகவும் விரும்புவது வேறொரு சிறு சொல். கொடிக்குச் சற்று முன்னால் அகழியில் பூத்த குவளையும் ஆம்பலும் கமலமும் இவ்விருவருக்கும் வரப்போகும் துயரத்தை அறிந்தவை போலக் கண்ணீர் கொண்டு 'காலுற நடுங்க' என்று வருகிறது. கால் என்றால் காற்று. கால் உற என்றால் காற்றுப் பட. பூக்கள் நடுங்கியதன் உண்மைக் காரணத்தைக் கவிஞர் மறைக்கவே இல்லை. அதே தொடரில் போட்டு வைத்துவிட்டார். அதற்கும் முன்னால் வையை நதி, தன் மேல் மிதந்து வந்த மலர்களை ஆடையாகப் போர்த்திக்கொண்டு, கண்ணில் நிறைந்த நீரை மறைத்து அடக்கினாள். ஆறு, அகழி, கொடி என்று அடுத்தடுத்து மூன்று இடங்களில் இயற்கை எச்சரிக்கிறது. நடக்கப்போவது படிக்கும் நமக்குத் தெரியும், நடந்து செல்கிறவர்களுக்குத் தெரியாது. 'கொடி அசைந்தது' என்று மட்டும் எழுதியிருந்தால் செய்தி குறைந்திருக்காது, ஆனால் நம் நெஞ்சு பதைத்திருக்காது. மகன் இதை உணர்ந்துவிட்டால் அணியின் பெயர் அவனுக்கு மறக்காது.

கேள்வி: 'மதிமுகம்', 'முகமதி' இரண்டும் ஒன்றுதானே? சொல்லை முன்பின்னாக மாற்றினால் அணியும் மாறிவிடுமா? (சேலம்)

பதில்: மாறிவிடும். மதிமுகம் என்றால் மதி போன்ற முகம். முகம் முகமாகவே இருக்கிறது, மதி உவமையாக நிற்கிறது. முகமதி என்றால் முகமாகிய மதி. இரண்டும் ஒன்றே என்று சாதிக்கிறோம், அது உருவகம். 'பிறவிப் பெருங்கடல்' என்ற குறள் தொடரில் பிறவியைக் கடலாக்கிய வள்ளுவர், அதைக் கடக்க உதவும் இறைவன் அடியைத் தெப்பம் என்று சொல்லாமல் விட்டார். ஒரு பகுதியை உருவகம் செய்து மறு பகுதியைப் படிப்பவருக்கு விட்டுவிடும் இந்த வகைக்கு ஏகதேச உருவகம் என்று பெயர்.

கேள்வி: கீழே உள்ள குறள் வெண்பாவை ஓர் இதழுக்கு அனுப்பினேன். 'தளை தட்டுகிறது' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. எதுகை சரியாக இருக்கிறதே, பிறகு எங்கே தட்டுகிறது?

வானம் கறுத்தது மேகம் திரண்டது
கானம் இசைத்தது குயில்

(கோயம்புத்தூர்)

பதில்: ஒற்றை வரியோடு திருப்பியவர் எந்த இடம் என்று இன்னும் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஏனெனில் உங்கள் வெண்பாவில் ஆறு இணைப்புகளில் ஐந்து செம்மையாக இருக்கின்றன. ஒன்றே ஒன்றுதான் தட்டுகிறது.

எதுகை என்பது அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. வானம், கானம் என்பவற்றில் 'ன' ஒன்றியதோடு முதலெழுத்துகளும் நெடிலாக அளவொத்து நிற்பதால் எதுகையில் குறையில்லை. ஆனால் எதுகை அடியின் தலைவாசலில் நிற்கும் கோலம். தளையோ, ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் கைகோக்கும் இடம். தனிக் குறிலோ நெடிலோ அசையானால் நேர், குறிலோடு இன்னோர் உயிரெழுத்தோ உயிர்மெய்யோ இணைந்தால் நிரை; பின்னால் ஒட்டும் மெய் கணக்கில் இல்லை. நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடிவது விளம், நேரில் முடியும் மூவசைச் சீர் காய். வெண்பாவுக்கு உரிய விதி சிறியது: மாச்சீரின் பின் நிரை வர வேண்டும், விளச்சீரின் பின் நேர் வர வேண்டும், காய்ச்சீரின் பின்னும் நேர் வர வேண்டும்.

இப்போது அசை பிரிப்போம். 'வானம்' நேர் நேர், தேமா; அடுத்து 'கறுத்தது' நிரையில் தொடங்குகிறது, சரி. 'கறுத்தது' நிரை நிரை, கருவிளம். அடுத்து 'மேகம்' நேரில் தொடங்குகிறது, சரி. 'மேகம்' தேமா, 'திரண்டது' நிரை, சரி. 'திரண்டது' கருவிளம், அடியைத் தாண்டி 'கானம்' நேர், சரி. அடி முடிந்தாலும் தளை முடிவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள்; நீங்கள் மறக்கவில்லை. 'கானம்' தேமா, 'இசைத்தது' நிரை, சரி. 'இசைத்தது' கருவிளம், விளத்தின் பின் நேர் வர வேண்டிய இடத்தில் 'குயில்' என்ற நிரை வந்து நிற்கிறது. தட்டியது இங்கேதான். ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதிக்குக் குயில் பொருந்துகிறது, அது 'மலர்' வாய்பாடு. முன் சீரோடுதான் பொருந்தவில்லை.

குயிலை விட மனமில்லை என்றால் முன் சீரை மாச்சீராக்கிக் 'கானம் இசைக்கும் குயில்' என்று முடிக்கலாம். முன் சீர் அப்படியே இருக்கட்டும் என்றால் 'கானம் இசைத்தது காற்று' என்று முடிக்கலாம். என் விருப்பம் இரண்டாவது. மேகம் திரண்ட வேளையில் குயிலைவிடக் காற்றுக்கே பாட்டு அதிகம். அதோடு கானம், காற்று என்று முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் முதலெழுத்து ஒன்றும் மோனையும் கிடைத்துவிடுகிறது. முதல் அடியிலும் மோனை வேண்டுமென்று மேகத்தை 'மஞ்சு' ஆக்கிவிடாதீர்கள். வகரத்துக்கு மகரம் இனமோனைதான், தளையும் கெடாது. ஆனாலும் மழைக்கு முன் வானத்தைப் பார்த்து 'மஞ்சு' என்று இன்று யாரும் சொல்வதில்லை. எழுதியதும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பழகிய செவி, அசை பிரிக்கும் முன்பே 'இசைத்தது குயில்' என்ற இடத்தில் இடறும்.

கேள்வி: 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறளில் வண்டியைப் பற்றிய செய்தி மட்டும்தான் இருக்கிறது. இதில் அணி எங்கே? (மயிலாடுதுறை)

பதில்: சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும், அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று சொல்லி வள்ளுவர் நிறுத்திக்கொண்டார். குறள் நிற்பதோ வலியறிதல் அதிகாரத்தில். எளியவர் பலர் ஒன்று திரண்டால் வலியவனும் வீழ்வான் என்பதைப் படிப்பவரே சேர்த்துக்கொள்ள வேண்டும். உவமையை மட்டும் கூறிப் பொருளைக் கூறாமல் விடுவது பிறிது மொழிதல் அணி. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று வீட்டில் பாட்டி சொல்லும்போது பக்கத்தில் குளமா இருக்கிறது? நம் பழமொழிகளில் பலவும் இந்த அணிதான்.

கேள்வி: சிலேடைக்கும் மேடையில் சிரிப்புக்காகச் சொல்லும் இரட்டை அர்த்தத்துக்கும் என்ன வேறுபாடு? (தஞ்சாவூர்)

பதில்: மேடைச் சிரிப்பு பெரும்பாலும் ஒரு சொல்லோடு முடிந்துவிடும். நல்ல சிலேடையில் பாட்டு முழுவதும் இரண்டு தண்டவாளங்களில் ஓடிக் கடைசிச் சீர் வரை தடம் புரளாமல் போக வேண்டும். காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் பாடிய வெண்பா 'ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேஇரையும்' என்று தொடங்குகிறது. பாம்பு படமெடுத்து ஆடிய பின் பிடாரனின் குடத்துக்குள் அடங்கும், ஆடும்போது சீறும். எள் செக்கில் ஆடி, எண்ணெயாகிக் குடத்தை அடையும். ஆடும்போது செக்கு இரையும். மூடியைத் திறந்தால் பாம்பு தன் முகத்தைக் காட்டும். எண்ணெய்க் குடமோ குனிந்து பார்ப்பவர் முகத்தைக் காட்டும். இந்த இடத்தில் 'முகம்காட்டும்' என்ற சொல் மாறவில்லை, யாருடைய முகம் என்பதுதான் மாறுகிறது. என் கணக்கில் பாட்டின் உச்சம் இதுவே.

சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, பிரித்தால்தான் தரும் என்றால் பிரிமொழிச் சிலேடை. 'ஆடி' முதல் வகை. அதே வெண்பாவில் வரும் 'பிண்ணாக்கு' இரண்டாம் வகை: எள்ளுக்கு அது செக்கில் மிஞ்சும் பிண்ணாக்கு, பாம்புக்குப் பிளவுபட்ட நாக்கு.

கேள்வி: ஹைக்கூவுக்கு 5–7–5 என்ற கணக்கு உண்டு என்கிறார்கள். தமிழில் எழுதும்போது எழுத்தை எண்ணுவதா, அசையை எண்ணுவதா? (புதுச்சேரி)

பதில்: இரண்டும் வேண்டாம் என்பேன். ஜப்பானியர் எண்ணுவது நம் எழுத்தையும் அன்று, நேர், நிரை என்னும் நம் அசையையும் அன்று. ஒலிக்கும் கால அளவை எண்ணுகிறார்கள். நமக்குத் தெரிந்தவற்றில் அதற்கு மிக நெருங்கியது மாத்திரை. நெடில் வந்தால் அவர்களும் இரண்டாகவே எண்ணுவார்கள். ஆனால் மெய்யொலிக்கு நாம் அரை மாத்திரை தரும் இடத்தில் அவர்கள் முழுதாக ஒன்று தருகிறார்கள். 'நிப்பொன்' என்ற சொல் அவர்கள் கணக்கில் நான்கு. ஜப்பானிய ஹைக்கூக் கவிஞர் பாஷோவின் புகழ்பெற்ற தவளைக் கவிதை 'ஃபுரு இகெ ய, கவஜு தொபிகொமு, மிஜு நொ ஒதொ' என்று ஒலிக்கும். எல்லாம் குறில், விரல்விட்டு எண்ணினால் ஐந்து, ஏழு, ஐந்து வரும். பழைய குளம், தவளை குதிக்கிறது, நீரின் ஓசை. அவ்வளவுதான். மெய்யும் நெடிலும் மிகுந்த தமிழில் இதே அளவுக்குள் அடைக்க முயன்றால் கவிதை தந்தியாகிவிடும்.

எண்ணிக்கையைவிட முக்கியமான இரண்டை நம் ஹைக்கூக்களில் அதிகம் காண முடிவதில்லை. முதலாவது, வெட்டு: 'ய' என்ற அசைச்சொல் குளத்தையும் தவளையையும் துண்டாக வெட்டி, நடுவில் ஒரு மௌனத்தை வைக்கிறது. இரண்டாவது, பருவச்சொல்: தவளை என்றாலே அவர்களுக்கு இளவேனில். பாரதியார் 1916ஆம் ஆண்டிலேயே ஜப்பானியக் கவிதை பற்றிச் சுதேசமித்திரன் இதழில் எழுதினார் என்றாலும், பருவத்தை ஒற்றைச் சொல்லில் சுட்டும் வழக்கம் நமக்கு அயலிலிருந்து வர வேண்டியதில்லை. முல்லை பூத்தது என்றால் கார்காலம் வந்துவிட்டது, பொருள்தேடிப் போன தலைவன் திரும்ப வேண்டும் என்று சங்கப் பாடல் படித்தவர் எவரும் அறிவார். மூன்று வரியில் அப்படி ஒரு பூவை வைத்து எழுதிப் பாருங்கள். வரிக்கு எத்தனை எழுத்து என்று நான் எண்ண மாட்டேன்.