கல்வெட்டா, கண் ஆபரேஷனா?

கேள்வி: எங்கள் ஊர் உபதேசியார் ஐயாதான் சிறுவயதில் எனக்கு ஜெபிக்கவும் வேதம் வாசிக்கவும் கற்றுத்தந்தார். வீட்டில் வழியில்லாத வருஷம் என் பள்ளிக் கட்டணத்தையும் அவரே கட்டினார். இப்போது 80 வயதைத் தாண்டிவிட்டார். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். கண்புரையால் வேதம் வாசிக்க முடியவில்லை. சபையின் ஆண்டுவிழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, ஆலயத்தில் 50,000 ரூபாயில் அவர் பெயருக்குக் கல்வெட்டு வைக்க ஆசைப்படுகிறேன். அதை அவருடைய கண்ணுக்கும் வாடகைக்கும் செலவிடலாம் என்கிறாள் என் மனைவி. ஆனால் கையில் பணம் கொடுத்தால் ஐயா யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுகிறார். வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகிய தசமபாகத்திலிருந்து அவருக்குக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரரே, உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

‘தகப்பன்மார் அநேகர் உங்களுக்கு இல்லையே’ என்று கொரிந்து சபைக்கு எழுதினார் பவுல் (1 கொரி. 4:15). அந்தத் தகப்பன் சிறையில் சாவை எதிர்நோக்கியிருந்தபோது, தான் மகனாகப் பாவித்த தீமோத்தேயுவிடம் கேட்டது என்ன? துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கி, புஸ்தகங்கள், தோற்சுருள்கள். மாரிகாலத்துக்கு முன் வந்து சேரும்படியும் கேட்கிறார் (2 தீமோ. 4). குளிருக்கு ஒரு துணி, வாசிக்க ஏடு, பக்கத்தில் ஒரு பிள்ளை. உங்கள் ஐயாவின் தேவையும் ஏறக்குறைய இதுதான்.

கண்புரை ஆபரேஷனை அரசு மருத்துவமனைகளிலும், அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகளின் முகாம்கள் வழியாகவும் இலவசமாகவே செய்கிறார்கள். ஆகவே அவருக்குக் குறைவுபடுவது பணத்தைவிட ஆள்தான். கூட்டிக்கொண்டு போக வேண்டும், பிறகு சில வாரங்கள் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும். அந்த நாட்களில் ஐயாவை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பார்வை தெளியும்வரை நீங்கள் வேதம் வாசியுங்கள், அவர் கேட்கட்டும். உங்கள் பிள்ளைகளும் கூட உட்காரட்டும்.

தசமபாகம் சபைக்கே உரியது என்பது உங்கள் மனச்சாட்சியானால் அதைத் தொட வேண்டாம். மிச்சமிருக்கும் ஒன்பது பாகத்திலிருந்து கொடுங்கள். பெற்ற அப்பாவுக்கு அரிசி வாங்கும்போது அது எந்தக் கணக்கு என்று பார்ப்போமா? காணிக்கையாகிய கொர்பானைச் சாக்காகச் சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள்.

ஐயா கொடுத்துவிடுகிறார் என்று வருத்தப்படாதீர்கள். உங்கள் பள்ளிக் கட்டணமும் அந்தக் கையிலிருந்துதான் வந்தது. வாடகையை மாதாமாதம் வீட்டுக்காரரிடம் நேரே கட்டிவிடுங்கள், மருந்தை வாங்கிக் கொடுங்கள். அதற்கு மேல் கொஞ்சம் ரொக்கத்தையும், அவர் பிறருக்குக் கொடுப்பதற்கென்றே, கையில் வையுங்கள். எங்கே போனது என்று ஒருநாளும் கேட்காதீர்கள். வாழ்நாள் முழுதும் கொடுத்த மனிதரை, வாங்குகிறவராக மட்டும் உட்கார வைப்பது பெரிய கொடுமை.

கல்வெட்டு ஆசையையும் நான் பழிக்கவில்லை. ஜெர்மானிய மிஷனரியான சுவார்ட்ஸ் ஐயர் 1798-இல் தஞ்சாவூரில் மறைந்தார். தம்மைப் பாதுகாத்து வளர்த்த அவருக்கு இரண்டாம் சரபோஜி மன்னர் பளிங்கில் நினைவுச் சின்னம் வைத்தார். மன்னர் கிறிஸ்தவர் ஆனவரல்ல, ஆனாலும் தகப்பனுக்குச் செய்வதுபோலச் செய்தார். இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய அந்தச் சிற்பத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். மரணப்படுக்கையில் இருக்கும் ஐயரின் கையைச் சரபோஜி பிடித்துக்கொண்டிருக்கிறார். உயிரோடிருந்தபோது தேடிப்போய்ப் பார்த்தவர் என்பதால்தான் அந்தப் பளிங்குக்கு அர்த்தம் வந்தது.

பொன்னாடையை ஆண்டுவிழாவில் சபையார் போர்த்தட்டும், மேடையில் ஐயாவை ஜெபிக்கவும் சொல்லுங்கள். அதற்கு முன், இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இருவருமாக அவர் வீட்டுக்குப் போய், ‘ஐயா, உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று நேராகவே கேளுங்கள். நானும் நீங்களும் நினைக்காத ஒன்றை அவர் சொல்லக்கூடும். அதையே முதலில் செய்யுங்கள்.