புதிய பேஸ் ஆம்பில் என்னென்ன வேண்டும்? வாசிப்பவர்களுடன் ஒரு கேள்வி பதில்

கோவையில் மூன்று நண்பர்கள் பேஸ் கிட்டாருக்கென்றே ஓர் ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டி, செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதும், மற்ற ஊர்களில் வாசிப்பவர்களும் தங்கள் கேள்விகளை அனுப்பத் தொடங்கினார்கள். நான் இருபது வருடத்துக்கு மேலாக மெல்லிசைக் கச்சேரிகளில் பேஸ் வாசிக்கிறேன். கச்சேரி இல்லாத நாட்களில் ஆம்ப் பழுது பார்ப்பதுதான் வேலை. அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோவை, ஆம்ப் வடிவமைப்பவர்: சார், 300 வாட் போதுமா, 800 வைக்கலாமா? கடைக்காரர்கள் முதலில் வாட்டைத்தான் கேட்கிறார்கள்.

300 உண்மையான வாட் போதும். "உண்மையான" என்று சொல்லக் காரணம் இருக்கிறது. டேப் ரெக்கார்டர் பெட்டிகளில் பி.எம்.பி.ஓ. என்று விளம்பரத்துக்காக ஊதிய வாட் கணக்கை ஆயிரக்கணக்கில் ஒட்டியிருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். உள்ளே இருந்தது சில வாட்தான். உங்கள் பெட்டியில் ஆர்.எம்.எஸ். அளவை, அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்டை மட்டும் போடுங்கள். அது எத்தனை ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு) ஸ்பீக்கரில் கிடைக்கிறது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று தெரியும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்கானதுபோல் தோன்ற 10 டெசிபல் வேண்டும். அதாவது பத்து மடங்கு வாட். அதே நேரம் ஸ்பீக்கரைப் பாருங்கள். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பதில் 100 டெசிபல் தருவதைப் போட்டால், 300 வாட் ஆம்ப் 600 வாட் போலக் கேட்கும். ஆம்பில் கொட்டுகிற பணத்தில் பாதியை ஸ்பீக்கரில் போடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மதுரை, மெல்லிசைக் குழு: அண்ணா, மேடையில் என் பேஸ் எனக்கே கேட்பதில்லை. பேஸ் குமிழை முழுக்கத் திருப்பினால் மண்டபமே அதிர்கிறது, ஆனால் எந்தச் சுரம் என்று தெரியவில்லை.

தம்பி, எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான். குமிழில் "பேஸ்" என்று எழுதியிருப்பதால் பேஸ் கேட்காதபோது கை அதற்குத்தான் போகிறது. உங்களுக்குத் தேவையானது மிட், அதாவது நடுப்பகுதி ஒலி.

நான்கு கம்பி பேஸின் திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். டைல்ஸ் தரையும் சிமென்ட் சுவரும் உள்ள கல்யாண மண்டபத்தில் அது சுவருக்குச் சுவர் மோதி, ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் காணாமல் போகும். நீங்கள் நிற்பது காணாமல் போகிற இடமாக இருந்தால், எவ்வளவு திருப்பினாலும் முன்வரிசைக்காரர் நெஞ்சுதான் அதிரும். போதாததற்கு கிக் ட்ரம், தபேலாவின் டக்கா, கீபோர்ட்காரரின் இடது கை எல்லாம் அதே இடத்தில் நெரிக்கின்றன.

சுரம் எது என்று காதுக்குச் சொல்வது 200 ஹெர்ட்ஸிலிருந்து 1000 வரையுள்ள பகுதி. 250 பக்கம் சதைப்பிடிப்பு இருக்கும். 700, 800 பக்கம் விரல் கம்பியைத் தொடுகிற தெளிவு இருக்கும். இளையராஜா பாடல்களின் பேஸ் நடையைச் சின்ன ரேடியோவில் கேட்டே நாம் பாடிக்காட்டிவிடுகிறோமே, அந்த ரேடியோவில் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது. மேல் ஸ்வரக்கூறுகளை (அடிச்சுரத்தின் இரண்டு, மூன்று மடங்கு அலைவரிசையில் உடன் ஒலிப்பவை) வைத்து மூளை அடிச்சுரத்தைக் கட்டிக்கொள்கிறது.

ஆகவே கோவை நண்பர்களுக்கு: ஒரு மிட் குமிழ் மட்டும் வைக்காதீர்கள். எந்த அலைவரிசை என்று நகர்த்த ஒரு குமிழ், அதைக் கூட்டவோ குறைக்கவோ இன்னொன்று. 150இலிருந்து 1200 ஹெர்ட்ஸ் வரை நகர்ந்தால் போதும். அப்புறம், மிட்டைக் குழியாக்குகிற "கான்டூர்" பொத்தான் வேண்டவே வேண்டாம். கடையில் தனியாக வாசித்துப் பார்க்கும்போது அது தேனாக இருக்கும். குழுவோடு சேர்ந்ததும் பேஸ் மறைந்துவிடும்.

இன்னொன்று. பெட்டி தரையில் இருக்கிறது, காது ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. மிட்டும் ட்ரெபிளும் முழங்காலுக்குத்தான் போகின்றன. பெட்டியின் ஒரு விளிம்பைச் சாய்வாக வெட்டினால் பின்னால் சாய்த்து வைக்கலாம். செலவே இல்லாத வசதி. அதுவரை நீங்கள் ஒரு நாற்காலி மேல் வையுங்கள் தம்பி, இந்த வாரமே வித்தியாசம் தெரியும்.

நாகர்கோவில், தேவாலயத்தில் வாசிப்பவர்: மிக்சரில் இருக்கும் அண்ணன் "ஆம்பே வேண்டாம், நேராக எனக்கு லைன் கொடு" என்கிறார். அப்படியானால் ஆம்ப் எதற்கு?

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சபையில் இருப்பவர்களுக்கு மிக்சர் வழியாகவும், உங்களுக்கு ஆம்ப் வழியாகவும் போவதுதான் முறை. அதற்கு ஆம்பின் பின்னால் நல்ல டிஐ அவுட், அதாவது மிக்சருக்கு நேராக சிக்னல் தரும் இணைப்பு வேண்டும். பெயருக்கு ஓர் எக்ஸ்.எல்.ஆர். (மைக் வயரில் இருக்கும் மூன்று முள்) சாக்கெட் வைத்துவிட்டால் அது டிஐ ஆகிவிடாது.

ப்ரீ (டோன் குமிழ்களுக்கு முன்), போஸ்ட் (அவற்றுக்குப் பின்) என்று ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். ப்ரீயில் வைத்தால் நீங்கள் மேடையில் குமிழ்களை என்ன செய்தாலும் மிக்சருக்குப் போவது மாறாது. மிக்சர்காரருக்கு இது பெரிய நிம்மதி. உங்கள் டோனே வெளியிலும் கேட்க வேண்டுமென்றால் போஸ்ட். எதில் வைத்தாலும் மாஸ்டர் வால்யூம் டிஐயைத் தொடக்கூடாது. பாட்டு நடுவில் உங்கள் காதுக்காகச் சத்தத்தைக் கூட்டினால் சபை முழுக்க எகிறக்கூடாது இல்லையா?

அடுத்து கிரவுண்ட் லிஃப்ட். ஆம்பும் மிக்சரும் வெவ்வேறு இடத்தில் எர்த் எடுக்கும்போது "உம்ம்" என்று ஓர் இரைச்சல் வரும். இந்தச் சுவிட்ச் டிஐயின் ஷீல்டு இணைப்பை மட்டும் துண்டித்து அதை நிறுத்தும். இரைச்சலை நிறுத்த ப்ளக்கின் எர்த் முள்ளைக் கழற்றுபவர்களை இன்னும் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், கம்பியையும் மைக்கையும் ஒரே நேரத்தில் தொடும்போது உயிருக்கே ஆபத்து. சில மைக்குகளுக்காக மிக்சர் அனுப்பும் 48 வோல்ட் ஃபான்டம் பவர் தவறுதலாக வந்தாலும் டிஐ தாங்க வேண்டும். என் மேசைக்கு வரும் செத்துப்போன டிஐகளில் பல இதனால் போனவை.

சிங்கப்பூர், அடுக்குமாடியில் வசிப்பவர்: ஹெட்ஃபோன், புளூடூத்?

ஹெட்ஃபோன் கட்டாயம், அதைச் செருகினால் ஸ்பீக்கர் ஊமையாக வேண்டும். நேரடி பேஸ் சத்தம் ஹெட்ஃபோனில் கரடுமுரடாக இருக்கும் என்பதால், ஸ்பீக்கர் பெட்டியின் இயல்பைப் போலிசெய்யும் ஒரு சின்ன வடிகட்டியும் இருந்தால் நல்லது. புளூடூத் தேவையில்லை, பாட்டைப் போட்டு உடன் வாசிக்க ஆக்ஸ் இன் (போனை வயரில் இணைக்கும் துளை) போதும்.

சென்னை, 5 ஸ்ட்ரிங் வாசிப்பவர்: சின்னப் பெட்டியாகவும் இருக்க வேண்டும், ஐந்தாவது கம்பியான லோ பி அதிரவும் வேண்டும். முடியுமா?

ஸ்பீக்கர் செய்பவர்களிடையே ஹாஃப்மன் விதி என்று ஒன்று உண்டு. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் நிறைய சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் தேர்ந்தெடுக்கலாம். மூன்றும் உண்டு என்று யார் விற்றாலும் நம்பாதீர்கள்.

லோ பி 31 ஹெர்ட்ஸ். ராக் மேடைகளில் பெயர்பெற்ற, பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு கொண்ட ஆம்பெக் நிறுவனப் பெட்டியே 60 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே சரியத் தொடங்கிவிடும். அதில் லோ பி நன்றாகக் கேட்பது 62 ஹெர்ட்ஸில் இருக்கும் இரண்டாவது ஸ்வரக்கூறால். உங்கள் காதுக்கும் அது போதும்.

இங்கே நான் கேட்கிற வசதி, பேஸைக் கூட்டுவதற்கு நேர் எதிரானது: ஹை பாஸ் ஃபில்டர். 30, 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடும். காற்றுத்துளை உள்ள பெட்டியில், அது ட்யூன் செய்யப்பட்ட அலைவரிசைக்குக் கீழே கோனுக்குப் பிடிமானம் இல்லை. கையால் கம்பியைத் தட்டினாலே முன்னும் பின்னும் அளவுக்கு மீறி ஓடும், கிழிந்தும் போகலாம். காதில் விழாத அசைவுக்கு வாட்டும் வீணாகிறது. அதை வெட்டியதும் அதே பெட்டி இன்னும் சத்தமாக, இன்னும் சுத்தமாக ஒலிக்கும். இதை ஒரு குமிழாக, 30இலிருந்து 100 வரை நகரும்படி வைத்தால், அதிர்கிற மண்டபத்தில் வாசிப்பவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

திருச்சி, 58 வயது: தூக்க முடியவில்லை ஐயா. எடை எவ்வளவு குறையும்?

நீங்களும் நானும் தூக்கியவற்றை இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். ஆம்பெக் 1969இல் கொண்டுவந்த எஸ்.வி.டி. 300 வாட் வால்வு ஆம்ப். ஸ்பீக்கர் இல்லாமல் தலைப்பெட்டி மட்டுமே 36 கிலோவுக்கு மேல். இன்று கிளாஸ் டி என்ற, அதிகம் சூடாகாத ஆம்ப் சர்க்யூட்டும் ஸ்விட்சிங் பவர் சப்ளையும் சேர்ந்து 500 வாட்டை மூன்று கிலோவுக்குள் தருகின்றன. இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. ஃபெரைட் காந்தத்துக்குப் பதில் நியோடிமியம் போட்டால் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் சில கிலோ குறையும், விலை கூடும்.

12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று போட்ட காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) 15 கிலோவுக்குள் வர வேண்டும். பேருந்தில் ஏற்றலாம். பெரிய மேடைக்கு அதேபோல் இன்னொரு பெட்டியைச் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் உள் ஸ்பீக்கர் 8 ஓமாக இருக்கட்டும். வெளியே இன்னொரு 8 ஓம் சேர்த்தால் 4 ஓம், ஆம்புக்கு முழு வேலை. ஸ்பீக்கர் இணைப்புக்கு ஸ்பீக்கான் என்ற, திருகிப் பூட்டும் சாக்கெட் மட்டும் வையுங்கள். சாதாரண ஜாக் என்றால் யாராவது கிட்டார் வயரைச் செருகிச் சூடாக்கிவிடுவார்கள்.

புதுச்சேரி, ராக் குழு: வால்வு இல்லாமல் அந்தக் கரகரப்பு வருமா?

வரும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: கரகரப்பைக் கூட்டும் டிரைவ் குமிழோடு, அதைச் சுத்தமான சத்தத்தோடு கலக்கும் பிளெண்ட் குமிழ் இருக்கிறதா? முழு சிக்னலையும் கரகரப்பாக்கினால் அடிப்பகுதி கரைந்துவிடும். சுத்தமான சத்தத்தைக் கீழே வைத்து, அதன்மேல் கரகரப்பைக் கலந்தால் குழுவின் எடை குறையாது.

யாழ்ப்பாணம்: கடற்கரை வீடு. இரண்டு வருடத்தில் எல்லாக் குமிழும் கரகர என்கிறது.

உப்புக் காற்று. மூடிய வகைப் பொட்டென்ஷியோமீட்டர் (குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம்), பூச்சு பூசிய சர்க்யூட் போர்டு, துருப்பிடிக்காத திருகு. இவற்றின் கூடுதல் செலவு அதிகமில்லை. ஃபேன் துவாரத்துக்கு மெல்லிய வலை வேண்டும். நான் திறந்த ஆம்புகளில் எறும்புப் புற்றே பார்த்திருக்கிறேன். கோவை நண்பர்களே, குமிழ்களைத் தாய்ப் பலகையில் நேரடியாகப் பற்றவைக்காமல் தனிப் பலகையில் வையுங்கள். சர்க்யூட் படத்தையும் வெளியிடுங்கள். யாழ்ப்பாணத்தில் பழுது பார்ப்பவர் கோவைக்கு அனுப்பாமலே சரிசெய்வார்.

தஞ்சாவூர், கோயில் கச்சேரிகள்: ஜெனரேட்டரில் ஆம்ப் போய்விடுமோ என்று ஒவ்வொரு முறையும் பயம்.

பயத்தில் நியாயம் உண்டு. ஒரு திருவிழாவில், மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் வயர் தளர்ந்துவிட்டது. அப்படி ஆனால் 230 வர வேண்டிய இடத்தில் 400க்குப் பக்கத்தில்கூட ஏறும். என் ஆம்ப், கீபோர்ட், இரண்டு பெடல் எல்லாம் ஒரே நொடியில் புகைந்தன. 100இலிருந்து 240 வரை என்று அச்சிட்ட பவர் சப்ளையும் இதைத் தாங்காது. குறைந்த வோல்டேஜைத்தான் அது சமாளிக்கும். 270ஐத் தாண்டினால் தானே துண்டித்துக்கொள்ளும் ரிலே ஒன்று உள்ளேயே வேண்டும். வெளிநாட்டு ஆம்புகளில் இதை நான் பார்த்ததில்லை. நம் மேடைகளுக்காக நாமே செய்ய வேண்டியது இது. அதுவரை, வோல்டேஜ் காட்டும் மீட்டரும் கட்-ஆஃபும் உள்ள வெளிக்கருவி ஒன்றை வாங்கி, ஆம்போடு எடுத்துப் போங்கள்.

கோவை, மறுபடி: எல்லாம் வைத்தால் விலை எட்டாது. எதை விடலாம்?

புளூடூத், ரிவெர்ப், எஃபெக்டுகள், பத்து பட்டை கிராஃபிக் ஈக்வலைசர், விளக்கு அலங்காரம். இவை அனைத்தையும் விடுங்கள். ட்வீட்டரை வைத்தால் அதைக் குறைக்கும் குமிழோடு வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நகரும் மிட், ஹை பாஸ், ஒழுங்கான டிஐ, 8 ஓமில் திறன்மிக்க ஸ்பீக்கர், வோல்டேஜ் கட்-ஆஃப். இந்த ஐந்தில் கை வைக்காதீர்கள்.

லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸையும் அடுத்த வருடமே அதற்கான பாஸ்மேன் ஆம்பையும் கொண்டுவந்தார். அந்த பாஸ்மேனின் பிந்தைய வடிவத்தைக் கிட்டார்காரர்கள்தான் அதிகம் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். ஆம்பெக்கைத் தொடங்கிய எவரெட் ஹல் என்பவரோ தானே டபுள் பேஸ் (நின்று வாசிக்கும் பெரிய பேஸ் வாத்தியம்) வாசித்தவர். உங்கள் மூவரில் யாரும் பேஸ் வாசிப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால் முதல் மாதிரி தயாரானதும் ஆய்வகத்தில் அளந்து முடித்துவிடாதீர்கள். மதுரைத் தம்பியின் குழு ஒத்திகைக்குக் கொண்டுபோங்கள். ட்ரம்ஸ்காரரை முழு வேகத்தில் அடிக்கச் சொல்லி, மூன்று மீட்டர் தள்ளி நின்று, பேஸ் எந்தச் சுரத்தில் போகிறது என்று உங்களால் பாட முடிகிறதா பாருங்கள்.