நாலு குமிழ், ஒரு ஸ்விட்ச், மலை ஈரம்: எலக்ட்ரிக் கிட்டார் கேள்வி பதில்

குன்னூரில் கிட்டார் செட்டப், அதாவது கிட்டாரை வாசிக்கத் தோதாகச் சரிசெய்து கொடுப்பது, என் தொழில். விலை உயர்ந்த எலக்ட்ரிக் கிட்டார் வாங்குவது பற்றியும், வாங்கிய பிறகு அதன் குமிழ்களோடு மல்லுக்கட்டுவது பற்றியும் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணா, ஆறு வருஷமா சர்ச்சில் வாசிக்கிறேன். இரண்டு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஃபெண்டர் ஸ்ட்ராட்டா, கிப்சன் லெஸ் பாலா? வீடியோ பார்த்துப் பார்த்துக் குழப்பம்தான் மிச்சம். (குன்னூர்)

தம்பி, இப்போது எந்த ஆம்பில் (ஒலிபெருக்கிப் பெட்டியில்) வாசிக்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே? இரண்டு லட்சத்தையும் கிட்டாரிலேயே கொட்டிவிட்டு, அதைப் பத்து வாட் பயிற்சி ஆம்பில் சொருகினால் பட்டுச்சேலை கட்டி சேற்றில் நடந்த கதைதான். ஆம்ப், ஹார்ட் கேஸ், முதல் செட்டப் இந்த மூன்றுக்கும் பணம் ஒதுக்கிவிட்டு, மீதியில் கிட்டார் பாருங்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் சத்தத்தில் மட்டும் இல்லை, கையிலேயே தெரியும். ஸ்ட்ராட்டின் ஸ்கேல், அதாவது அதிர்கிற ஸ்ட்ரிங்கின் நீளம், 25.5 இன்ச், லெஸ் பாலுடையது 24.75 என்று சொல்வார்கள். அதனால் அதே பருமன் ஸ்ட்ரிங் லெஸ் பாலில் கொஞ்சம் தளர்வாக இருக்கும், ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் தள்ளி பெண்டு எடுப்பது சுலபம். இப்போது வருகிற ஸ்ட்ராட்டுகள் பலவற்றில் ஃப்ரெட்போர்டின் (விரல் வைக்கும் பலகையின்) வளைவு ஆரம் 9.5 இன்ச். லெஸ் பாலில் 12, அதாவது இன்னும் தட்டை. எடையையும் மறக்காதீர்கள். லெஸ் பால் நான்கு கிலோவைத் தாண்டுவது சாதாரணம். இரண்டு மணி நேர ஆராதனையை நின்றுகொண்டே வாசித்துப் பாருங்கள், தோள் பேசும்.

என் கருத்தைக் கேட்டால், கீபோர்டும் பாடகர் குழுவும் சேர்ந்து நடுச் சுரங்களை அடைத்துக்கொள்கிற சர்ச்சில் ஸ்ட்ராட் தனியாகக் கேட்கும், லெஸ் பால் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோகும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டுமென்றால் 25 இன்ச் ஸ்கேலில் பிஆர்எஸ் கம்பெனி கிட்டார் இருக்கிறது. எதுவானாலும் கோவைக்கோ பெங்களூருக்கோ போய், ஸ்ட்ராப் போட்டு, நின்று, இருபது நிமிஷம் வாசியுங்கள். முதல் பத்து நிமிஷம் ஆம்பில் சொருகவே வேண்டாம். சொருகாமலே உயிரோடு அதிர்கிற கிட்டார்தான் சொருகினாலும் நன்றாயிருக்கும்.

ஒன்றரை லட்சம் கொடுத்து ஸ்ட்ராட் வாங்கினேன் சார். பின்னாடி பிக்கப்பில் டோன் குமிழைத் திருகினால் ஒன்றுமே மாறவில்லை. கடையில் ஏமாற்றிவிட்டார்களா? (ஊட்டி)

இல்லை சார், உங்கள் கிட்டார் 1954-ஐ ஞாபகம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பிக்கப் என்பது ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள். கழுத்துப் பக்கம் இருப்பது நெக் பிக்கப், பின்னாடி இருப்பது ப்ரிட்ஜ் பிக்கப். ஸ்ட்ராட் வந்த அந்த வருஷத்திலிருந்தே பழைய வயரிங்கில் நடுக் குமிழ் நெக் பிக்கப்புக்கு டோன், கடைசிக் குமிழ் நடு பிக்கப்புக்கு டோன். ப்ரிட்ஜ் பிக்கப்புக்கு டோனே கிடையாது, நேரே போய்விடும். அதனால்தான் அது காதைக் குத்துகிறது. புதிய மாடல்கள் பலவற்றில் கடைசிக் குமிழை ப்ரிட்ஜோடும் சேர்த்துவிட்டார்கள். சிலவற்றில் அதே குமிழை அமுக்கினால் நெக் பிக்கப்பும் கூடச் சேரும். உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள். பழைய வயரிங் என்றால் ஒரே ஒரு வயரை மாற்றி ப்ரிட்ஜுக்கும் டோன் கொடுத்துவிடலாம், பத்து நிமிஷ வேலை.

ஐந்து நிலை ஸ்விட்ச் பற்றி ஒரு குட்டிக் கதை. முதலில் அதில் மூன்று நிலைதான் இருந்தது. வாசிப்பவர்கள் ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே தொங்கவிட்டு, இரண்டு பிக்கப்பையும் சேர்த்து அந்த ‘குவாக்’ சத்தத்தை எடுத்தார்கள். ஃபெண்டர் 1977-ல்தான் ஐந்து நிலை ஸ்விட்சையே போட்டுக் கொடுத்தது. அதனால் 2, 4 நிலைகளில் கொஞ்ச நாள் குடியிருங்கள்.

லெஸ் பால் வாங்கி மூணு மாசம். நாலு குமிழ், ஒரு ஸ்விட்ச். எல்லாத்தையும் 10-ல் வைத்து வாசிக்கிறேன். ஸ்விட்சை நடுவில் வைத்து ஒரு வால்யூமை மூடினால் மொத்தமும் அடங்கிவிடுகிறது. ரிப்பேரா? (கோத்தகிரி, தேயிலை ஃபேக்டரியில் வேலை)

ரிப்பேர் இல்லை. நடு நிலையில் இரண்டு வால்யூமும் ஒரே வாசலில் வந்து சேர்கின்றன. ஒன்றை 0-வில் வைத்தால் அந்த வாசலே எர்த்தோடு சேர்ந்துவிடும், மற்றதும் கூடவே போய்விடும். வழக்கமான வயரிங்கே அப்படித்தான்.

நீங்கள் கொடுத்த பணத்தில் பாதி அந்த நாலு குமிழுக்குத்தான். எல்லாம் 10-ல் என்றால் ஐந்து கியர் வண்டியை ஒரே கியரில் பர்லியார் மலைப்பாதையில் ஏற்றுகிற மாதிரி. ஸ்விட்சைச் சுற்றி ‘ரிதம்’, ‘ட்ரெபிள்’ என்று போட்டிருக்கிறதே, அது சும்மா அலங்காரம் இல்லை. இப்படிச் செய்து பாருங்கள்: ஆம்பை, பலமாக அடித்தால் மட்டும் லேசாகக் கரகரக்கிற அளவுக்கு வையுங்கள். நெக் வால்யூம் 6, ப்ரிட்ஜ் வால்யூம் 10. இப்போது ஸ்விட்ச் மேலே இருந்தால் சுத்தமான ரிதம், கீழே தட்டினால் லீட். பெடலை மிதிக்கவே வேண்டாம். நடுவில் வைத்து ப்ரிட்ஜை 8-க்கு இறக்கினால் மூன்றாவதாக ஒரு சத்தம். டோன் குமிழை ஃபேக்டரி வால்வு திருகுவதுபோல முழுசாகத் திருக வேண்டாம், 10-லிருந்து 7 வரை வருவதற்குள்ளேயே நிறைய நடக்கும்.

ஒரு வாரம் பெடல் போர்டைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, இந்தக் குமிழ்களை மட்டும் வைத்து வாசியுங்கள். சுண்டுவிரல் தானாக வால்யூமைத் தேடிப் போக ஆரம்பித்தால் கிட்டார் உங்களுடையது ஆகிவிட்டது.

வால்யூமைக் குறைத்தால் சத்தம் மட்டும் குறையாமல், கம்பளி போர்த்திய மாதிரி மந்தமாகிறதே? (அரவங்காடு)

குமிழும் கேபிளும் சேர்ந்து மேல் சுரங்களைத் தின்றுவிடுகின்றன. நீளமான கேபிள் என்றால் இன்னும் அதிகம் தின்னும். முதலில் கேபிளை மூன்று மீட்டருக்குக் குறையுங்கள். போதாவிட்டால் வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’ என்கிற பாகத்தில் ட்ரெபிள் ப்ளீட் என்று ஒரு சின்ன கெப்பாசிட்டர் பற்றவைக்கலாம். ஹம்பக்கர் (இரட்டைக் காயில் பிக்கப்) உள்ள கிட்டாரில் 250 கிலோ ஓம் பாட் இருந்தால் அதையும் பாருங்கள், அங்கே 500 இருப்பதுதான் வழக்கம்.

மகள் பதினொன்றாம் வகுப்பு. லட்ச ரூபாய்க்கு கிட்டார் கேட்கிறாள். வாங்கித் தரலாமா? (கொடைக்கானல்)

இப்போது வேண்டாம் அம்மா. அதில் பாதிக்கும் குறைவாக யமஹா பசிஃபிகா 112வி வாங்கி, நல்ல செட்டப் செய்து கொடுங்கள். டோன் குமிழை இழுத்தால் ஹம்பக்கர் ஒற்றைக் காயிலாக மாறும், பெரிய கிட்டார்களின் வித்தையை அதிலேயே பழகிக்கொள்வாள். கல்லூரிக்குப் போகும்போது அவளே வந்து தேர்ந்தெடுக்கட்டும்.

ஐப்பசி மழையில் ஃப்ரெட் கம்பியில் ஸ்ட்ரிங் உரசி ‘பஸ்’ என்ற இரைச்சல், தை மாதத்தில் ஃப்ரெட் முனை கையைக் கீறுகிறது. விலை உயர்ந்த கிட்டாருக்குமா இப்படி? (கோத்தகிரி, குன்னூர், கூடலூரிலிருந்து பலர்)

மரத்துக்கு விலை தெரியாது. ஈரம் ஏறினால் விரியும், இறங்கினால் சுருங்கும். கூடலூருக்கும் ஊட்டிக்கும் ஆனி, ஆடி மழை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசி, கார்த்திகை. மழையில் நெக் அசைவதால் அந்த ‘பஸ்’ இரைச்சல் வருகிறது. தை மாதப் பனியில் காற்று காய்ந்து, ஃப்ரெட்போர்டு சுருங்கி, உலோகம் மட்டும் வெளியே நீட்டிக்கொள்கிறது. ரூம் ஹீட்டர் பக்கத்தில் கிட்டாரை வைப்பவர்களுக்கு இது இரண்டு மடங்கு.

சில நூறு ரூபாய்க்கு ஈரப்பத மீட்டர் கிடைக்கும், ஒன்று வாங்கிக் கேஸுக்குள் போடுங்கள். 45-லிருந்து 55 சதவீதம் நல்லது. மழையில் கேஸை மூடி, சிலிக்கா ஜெல் வையுங்கள். நெக்கைப் பார்க்க: முதல் ஃப்ரெட்டையும் நெக் உடம்போடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே கால் மில்லிமீட்டர், ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு, இருந்தால் சரி. நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியைத் திருகினால் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், அன்று ராத்திரி அப்படியே விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள்.

இன்னொன்று. கிப்சன் மாதிரி நைட்ரோ என்கிற மெல்லிய லாக்கர் பூச்சுள்ள கிட்டாரை மேட்டுப்பாளையம் வெயிலிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்து, ஊட்டியில் உடனே கேஸைத் திறக்காதீர்கள். திடீர்க் குளிரில் பூச்சு நுணுக்கமாக வெடிக்கும். நாலைந்து மணி நேரம் மூடியே இருக்கட்டும். ஆசைதான், தெரியும், நானும் திறந்திருக்கிறேன். அந்தக் கோடுகள் இன்னும் என் கிட்டாரில் இருக்கின்றன.

செகண்ட் ஹேண்ட் கிப்சன் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. போலி இல்லை என்று எப்படித் தெரியும்? (வெலிங்டன்)

தலையில் இருக்கும் மணி வடிவ மூடியைப் பாருங்கள். கிப்சனில் இரண்டு ஸ்க்ரூ, போலிகளில் பெரும்பாலும் மூன்று. மூடியைக் கழற்றினால் கிப்சனில் பித்தளை ஹெக்ஸ் நட் இருக்கும், ஆலன் கீ துளை இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். அசலே ஆனாலும் தலையின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். 17 டிகிரி சாய்ந்த மஹோகனித் தலை, விழுந்தால் முதலில் போவது கழுத்துதான். ஒரு கல்யாண மேடையில் என்னுடையது ஸ்டாண்டோடு சாய்ந்து அப்படித்தான் போனது. நன்றாக ஒட்டியதில் தப்பில்லை, வாசிக்கலாம், ஆனால் விலை அதற்கேற்ப இறங்க வேண்டும்.

கூடலூர்க்காரன் நான். ஃப்ரெட்போர்டு நம்ம ஊர் ஈட்டி மரமா? (கூடலூர்)

ரோஸ்வுட் என்றால் பெரும்பாலும் அதே இனம்தான். ஈட்டி, தோதகத்தி என்று நாம் சொல்கிற மரத்தைத்தான் அவர்கள் இந்தியன் ரோஸ்வுட் என்கிறார்கள். 2017 ஜனவரியில் அந்த மர வகை முழுவதையும் சர்வதேச வாணிபக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. பிரேசில் ரோஸ்வுட் விஷயம் வேறு, 1992 முதலே கடுமையான தடை. உங்கள் தாத்தா வீட்டுக் கட்டிலுக்கும் அமெரிக்க கிட்டாருக்கும் சொந்தம் உண்டு என்று பெருமைப்படலாம்.

எஸ்டேட் லைன் வீட்டில் ஒரே இரைச்சல். ஸ்ட்ரிங்கைத் தொட்டால் சுர்ரென்கிறது. (கோத்தகிரி பக்கம்)

இரைச்சல் வேறு, சுர்ரென்பது வேறு. ஒற்றைக் காயில் பிக்கப் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் முனகலைப் பிடிக்கும், அது இயல்பு. நீங்கள் திரும்பி உட்கார்ந்தால் குறையும். பெரும்பாலான புது ஸ்ட்ராட்டுகளில் 2, 4 நிலைகளிலும் குறையும். ஸ்ட்ரிங்கைத் தொட்டதும் இரைச்சல் அடங்கினால் வயரிங் சரி என்று அர்த்தம். ஆனால் கை கூசினாலோ சுர்ரென்றாலோ அன்றோடு ஆம்பை அணைத்துவிடுங்கள். வீட்டில் எர்த் இல்லை, அல்லது ஆம்பில் கோளாறு. எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தைச் சோதிக்கும்வரை சொருகாதீர்கள். மூன்று பின் ப்ளக்கின் பெரிய பின்னை உடைத்து இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுகிறவர்களை இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பின் உடைந்த ஆம்ப் என் கடைக்கு வந்தால் கிட்டாரைத் தொடுவதற்கு முன் அதைத்தான் மாற்றுவேன்.