புளோரிடா கம்பெனி திவால், வீடு லூசியானாவில்: கிளெய்மை எங்கே போடுவது?

ஐடா புயலில் கூரை போய், கிளெய்மில் பாதிப் பணம் வந்திருக்கும்போது புளோரிடா இன்சூரன்ஸ் கம்பெனி திவாலாகிவிட்டது, லூசியானாவில் இருக்கும் நான் அங்கே போய் வழக்குப் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதலில் உங்கள் மாநிலத்தின் கேரண்டி அசோசியேஷன் (திவாலான இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம்களுக்குப் பணம் தரும் அமைப்பு), அதாவது லீகா (LIGA). புளோரிடாவெல்லாம் அப்புறம்தான்.

அமெரிக்காவில் மற்ற கம்பெனிகள் மாதிரி இன்சூரன்ஸ் கம்பெனி ஃபெடரல் திவால் கோர்ட்டுக்குப் போக முடியாது. அது எந்த மாநிலத்துக் கம்பெனியோ அந்த மாநில கோர்ட் உத்தரவு போட்டு, அரசுத் துறையை லிக்விடேட்டராக, அதாவது கம்பெனியை மூடிக் கணக்குத் தீர்ப்பவராக, உட்கார வைக்கும். புளோரிடாவில் அது டல்லஹாசியில் இருக்கும் நிதிச் சேவைத் துறை. ஆனால் வீட்டுக் கிளெய்முக்குப் பணம் தருவது வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில அசோசியேஷன். 2022 ஜூனில் சதர்ன் ஃபிடெலிட்டி என்ற புளோரிடா கம்பெனி மூழ்கியபோது லூசியானாக்காரர்களின் கிளெய்ம்கள் லீகாவிடம்தான் வந்தன. அது அரசாங்கப் பணமும் இல்லை, இங்கே வியாபாரம் செய்யும் மற்ற கம்பெனிகளிடம் வசூலிப்பது.

லீகா ஒரு கிளெய்முக்கு அதிகபட்சம் 5 லட்சம் டாலர்வரை தரும், அதுவும் பாலிசித் தொகைக்கு உட்பட்டு; டிடக்டிபிள் (நீங்களே ஏற்க வேண்டிய பங்கு), ஏற்கெனவே வாங்கியது எல்லாம் கழியும். கம்பெனி இழுத்தடித்ததற்கான அபராதத்தை மட்டும் லீகாவிடம் எதிர்பார்க்காதீர்கள், தராது. அதையும் வரம்புக்கு மேல் நிற்கும் தொகையையும் கேட்கத்தான் லிக்விடேட்டருக்கு ‘ப்ரூஃப் ஆஃப் கிளெய்ம்’ படிவம். பாலிசி எண், கிளெய்ம் எண், சேதமான தேதி, கேட்கும் தொகை, இவ்வளவுதான் அதில் முக்கியம். கடைசித் தேதியை லிக்விடேட்டரின் நோட்டீஸிலேயே போட்டிருப்பார்கள், அதைத் தாண்டினால் வரிசையில் பின்னால் தள்ளிவிடுவார்கள். லீகா பார்த்துக்கொள்ளும் என்று யார் சொன்னாலும் படிவத்தை அனுப்பிவிடுங்கள். சர்ட்டிஃபைட் மெயில் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பழைய ஃபைல் கம்பெனியிலிருந்து தானாக வரும் என்பார்கள். வரும், ஆனால் முழுதாக வருமா என்பது வேறு. என் கம்பெனியும் (வேறொன்று, பெயர் வேண்டாம்) இப்படித்தான் போனது. சேதத்தை மதிப்பிட வந்த புது அட்ஜஸ்டர் கையில் இருந்த ஃபைலில் முதல் எஸ்டிமேட் மட்டும் இருந்தது, நீலத் தார்பாய்க்குக் கீழே ஊறிப்போன சீலிங், கருத்த இன்சுலேஷன் இதெல்லாம் எடுத்த படங்களில் ஒன்றுகூட இல்லை. என்னிடம் காப்பி இருந்ததால் பிழைத்தேன். அதனால் படங்கள், காண்ட்ராக்டரின் எஸ்டிமேட், பழைய செக் நகல், ஈமெயில் எல்லாவற்றையும் நீங்களே மறுபடி அனுப்புங்கள்.

பாலிசியின் முதல் பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். ‘சர்ப்ளஸ் லைன்ஸ்’ (மாநிலத்தின் வழக்கமான உரிமம் இல்லாத கம்பெனியின் பாலிசி) என்று அச்சடித்திருந்தால் லீகா கிடையாது, லிக்விடேட்டர் ஒருவர்தான் கதி, அங்கே எவ்வளவு தேறும், எப்போது தேறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பாலிசி இன்னும் ஓடுகிறதென்றால் லிக்விடேஷன் உத்தரவுக்குப் பிறகு பொதுவாக 30 நாள்தான் உயிரோடு இருக்கும், உடனே வேறு பாலிசி எடுங்கள். வீட்டுக்கடன் இருந்தால் லீகாவின் செக்கிலும் பேங்க் பெயர் சேர்ந்தே வரலாம், காண்ட்ராக்டருக்குத் தேதி கொடுக்கும் முன்னால் பேங்கில் பணத்தை எப்படி விடுவிப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள்.