பாக்கெட் எங்கே விழுகிறது? லினக்ஸ் கர்னல் கேள்வி பதில்

கேள்வி: யூடிபி (சென்று சேர்ந்ததா என்று பார்க்காத அனுப்பும் முறை) பாக்கெட்டுகள் கொஞ்சம் தொலைகின்றன சார். இன்டர்ஃபேஸ் (நெட்வொர்க் இணைப்பு முனை) கணக்கில் டிராப் (கைவிட்ட பாக்கெட்) பூஜ்யம். எங்கே தேடுவது?

பதில்: சாக்கெட் (நிரல் பாக்கெட் வாங்கும் வாசல்) வரை வந்து விழுவது அந்தக் கணக்கில் தெரியாது. கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) கணக்குகளைக் காட்டும் என்ஸ்டாட்டைப் பத்து விநாடி விட்டு இரண்டு முறை ஓட்டுங்கள். 'யூடிபி ஆர்சிவிபஃப்எரர்ஸ்' (சாக்கெட் பஃபர் நிறைந்து விழுந்தவை) ஏறினால் உங்கள் நிரல் வாசிக்கும் வேகம் போதவில்லை. ஏறாவிட்டால் பெர்ஃப் என்ற கருவியை வைத்து, கர்னல் பாக்கெட்டைக் கைவிடும்போது பதிவாகும் 'கேஃப்ரீ_எஸ்கேபி' ட்ரேஸ்பாயின்ட்டைப் (கண்காணிப்புப் புள்ளி) பிடியுங்கள். கர்னல் 5.17 முதல் அதில் காரணமும் சேர்ந்தே வருகிறது. 'நோ_சாக்கெட்' என்றால் அந்த போர்ட்டில் கேட்க ஆளில்லை, 'நெட்ஃபில்டர்_டிராப்' என்றால் ஃபயர்வால் விதி. முன்பெல்லாம் விழுந்த இடத்தின் ஃபங்ஷன் பெயர்தான் கிடைக்கும், காரணத்தைக் கோடைப் படித்து ஊகிக்க வேண்டும்.

கேள்வி: சாக்கெட் பஃபர் அளவுக்கான ஆர்மெம்_மேக்ஸைக் கூட்டியும் பலனில்லையே?

பதில்: அது உச்சவரம்பு மட்டும். நிரல் கேட்டு வாங்காவிட்டால் ஆர்மெம்_டீஃபால்ட் அளவுதான். காரணம் தெரியாமல் பஃபரைத் தொடாதீர்கள்.

கேள்வி: வைஃபையில் பாக்கெட் தொலைகிறது.

பதில்: காற்றிலேயே தொலைந்தது கர்னலுக்கு வருவதே இல்லை. வயர்லெஸ் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் பாக்கெட் தெரிகிறதே. அப்புறம் கர்னல்மேல் ஏன் பழி? தவறு நிரலில்தான்.

பதில்: இல்லை. உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் நெட்ஃபில்டருக்கு (கர்னலின் ஃபயர்வால் பகுதி) முன்பே பார்த்துவிடும். அதில் தெரிந்தால் இன்டர்ஃபேஸ் வரை வந்தது என்று மட்டுமே பொருள்.

கேள்வி: ஃபயர்வாலே இல்லாத மெஷின் என்றால்?

பதில்: அப்போதும் விழும். இரண்டு இன்டர்ஃபேஸ் உள்ள ஒரு மெஷினில் நானே இரண்டு நாள் தவித்தேன். டிசிபிடம்ப்பில் சின் (இணைப்புக் கேட்கும் பாக்கெட்) வரிசையாக வருகிறது, ஒரு சின்-ஆக் (அதற்கான பதில்) கூடப் போகவில்லை. நிரலைக் குடைந்துகொண்டே இருந்தேன். கடைசியில் என்ஸ்டாட்டில் 'ஐபிரிவர்ஸ்பாத்ஃபில்டர்' ஒவ்வொரு சின்னுக்கும் ஒன்று ஏறுவதைக் கண்டேன். பாக்கெட் ஒரு இன்டர்ஃபேஸில் வந்தது, அனுப்பியவருக்கான ரூட் மற்ற இன்டர்ஃபேஸில் இருந்தது. பாக்கெட் வந்த வழியைச் சோதிக்கும் ஆர்பி_ஃபில்டர் 1 (கண்டிப்பு) என்பதால் கர்னல் ஓசையில்லாமல் கைவிட்டுவிட்டது. அதை 2 (தளர்வு) ஆக்கியதும் இணைப்பு வந்தது. 'ஆல்' என்ற பொது அமைப்பு, அந்த இன்டர்ஃபேஸின் அமைப்பு இரண்டின் மதிப்பில் பெரியதுதான் செல்லும், இரண்டையும் பாருங்கள்.

கேள்வி: ஆனால் டிசிபிடம்ப்பே கடைசியில் 'கர்னல் கைவிட்டவை' என்று எண் காட்டுகிறதே?

பதில்: அது டிசிபிடம்ப் தன் பஃபரில் வாங்கத் தவறிய நகல்களின் எண்ணிக்கை. அசல் பாக்கெட் நிரலுக்குப் போயிருக்கும்.

கேள்வி: சிபியு வாரியாகப் பாக்கெட் கணக்குக் காட்டும் சாஃப்ட்நெட்_ஸ்டாட்டில் மூன்றாம் எண் ஏறுகிறது. பஃபரைக் கூட்டலாமா?

பதில்: மறுபடியும் பஃபரா! மூன்றாவது எண் நேரம் அல்லது பட்ஜெட் (ஒரு சுற்றில் எடுக்கும் பாக்கெட் வரம்பு) தீர்ந்து நிறுத்தியதைச் சொல்கிறது, டிராப் அல்ல. டிராப் இரண்டாவது எண். எல்லாம் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்), வரிக்கு ஒரு சிபியு. இரண்டாவது எண் ஒரே வரியில் மட்டும் ஏறினால் சுமை முழுதும் ஒரு சிபியுவில் குவிகிறது. முதலில் அதைப் பிரித்துவிடுங்கள்.