மே மாத வெயிலை நம்பிக் கன்று வைக்கலாமா?

தோட்டப் பக்கம்: வாசகர் கேள்வி - பதில்

ஏப்ரலில் ஒரு நாள் 20 பாகை வெயில், அடுத்த கிழமை பனித்தூறல். எதை எப்போது வெளியே வைப்பது என்பதுதான் இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல். பதில்கள் ரொறன்ரோவுக்கும் அதை அண்டிய நகரங்களுக்கும் பொருந்தும். ஒட்டாவா, மொன்றியல் வாசகர்கள் கன்று நடும் நாளை ஒரு கிழமை தள்ளிக்கொள்ளவும். பாகை என்று வருவதெல்லாம் செல்சியஸ்.

விக்டோரியா தின லோங் வீக்கெண்டுக்குப் பிறகுதான் கன்று வைக்க வேண்டும் என்கிறார்கள். இம்முறை மே முதல் கிழமையே 22 பாகை அடித்தது. கத்தரி, மிளகாய்க் கன்றுகளை நிலத்தில் வைத்துவிடலாமா?
- வாசகி, ஸ்காபரோ

வேண்டாம். மே மாதத்தில் பகல் வெப்பம் எதையும் தீர்மானிப்பதில்லை. பார்க்க வேண்டியவை இரண்டு: இரவின் ஆகக் குறைந்த வெப்பநிலை, மண்ணின் வெப்பநிலை.

விக்டோரியா தினம் மே 18க்கும் 24க்கும் இடையில் வரும் திங்கட்கிழமை. ரொறன்ரோவில் பெரும்பாலான ஆண்டுகளில் அதற்குள் உறைபனி முடிந்துவிடும் என்பதால் வந்த வழக்கம் அது. நல்ல வழக்கம்தான், ஆனால் அது உறைபனிக்கான கணக்கு. உறைபனி இல்லை என்பதாலேயே கத்தரிக்குப் போதுமான சூடு வந்துவிட்டதாக ஆகாது. அவசரப்படுகிறவர்கள் 2020ஐ நினைத்துப் பார்க்கலாம்: அந்த ஆண்டு மே 9 அளவில் தென் ஒன்ராறியோவில் பனி தூறியது.

சமையலறையில் இறைச்சி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்றை எடுத்து, காலை 9 மணியளவில் மண்ணில் 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்குக் குத்திப் பாருங்கள். தொடர்ந்து மூன்று, நான்கு நாள் பார்க்க வேண்டும். தக்காளிக்கு மண் 15 பாகை, இரவு 10 பாகைக்கு மேல் இருந்தால் போதும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் மண் 18, இரவு 13. வெண்டி, பாவல், புடோல், பயித்தை ஆகியவற்றுக்கு மண் 20, இரவு 15. கடைசி வரிசை பெரும்பாலும் ஜூன் முதல் கிழமைக்குப் போய்விடும்.

குளிர்ந்த மண்ணில் வைத்த கத்தரி உடனே சாகாது. அதுதான் ஆட்களை ஏமாற்றுகிறது. 10 பாகைக்குக் கீழே பல இரவுகள் நின்றால் வேர் ஓடாது, இலை தடித்து மஞ்சளிக்கும், பின்னர் வெயில் வந்தாலும் கன்று உடனே தேறாது. மே 10இல் வைத்த கன்றை மே 30இல் வைத்த கன்று ஜூலையில் முந்துவது இதனால்தான்.

ஸ்காபரோவில் ஏரிக்கு அருகில் இருக்கிறீர்களென்றால் இன்னொன்று: ஒன்ராறியோ ஏரி வசந்த காலத்தில் ஐஸ் தண்ணீர்தான். தெற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ காற்று அடித்தால் உங்கள் பகலும் குளிரும். உறைபனி ஆபத்து உங்களுக்குக் குறைவு, ஆனால் மண் சூடாக நாள் எடுக்கும். கறுப்புப் பொலித்தீனைப் பாத்தியின் மேல் இழுத்து ஒட்ட விரித்து, ஓரங்களில் மண் போட்டு, நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே விட்டுவிட்டால் மண் சில பாகை கூடுதலாகச் சூடேறும். தளர்வாக விரித்தால் பலன் இல்லை.

காலநிலை அறிவிப்பில் இரவு 3 பாகை என்றுதான் சொன்னார்கள். காலையில் தக்காளி இலைகள் கறுத்துத் தொங்கின. எப்படி?
- வாசகர், பிராம்ப்டன்

அறிவிப்பில் சொல்லும் வெப்பநிலை, விமான நிலையம் போன்ற இடங்களில் நிலத்திலிருந்து ஏறக்குறைய 1.5 மீற்றர் உயரத்தில் அளப்பது. முகில் இல்லாத, காற்று இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிடும். அப்போது தரையோடு இருக்கும் காற்று, அளவிடும் உயரத்தில் உள்ளதைவிட 3, 4 பாகை குளிராகும். முகில் மூடிய இரவில் இந்த வேறுபாடு பெரிதாக இருக்காது. ஆகவே இலக்கத்தை மட்டும் பாராமல் வானத்தையும் பாருங்கள். 4 பாகை அல்லது அதற்குக் கீழ், தெளிந்த வானம், அசையாத காற்று: இம்மூன்றும் சேர்ந்தால் மூடிவிடுங்கள். கனடாச் சுற்றாடல் திணைக்களம் உறைபனி எச்சரிக்கை விடும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளமான பின்வளவுகளில் குளிர் காற்று தேங்கும். அங்கே இன்னும் கவனம்.

மூடுவதில் நடக்கும் பிழைகள்தான் அதிகம். பகலில் மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள், ஈரமண் கூடுதல் சூட்டைப் பிடித்து வைக்கும். சூரியன் சாயும்போதே, மாலை 6 மணியளவில் மூடுங்கள். இருட்டிய பிறகு மூடினால் உள்ளே அடைத்துவைக்கச் சூடு மிச்சம் இராது. பழைய பெட்ஷீட் போதும், ஆனால் அது நாலு பக்கமும் நிலம் வரை வந்து கற்களால் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். கன்றின் தண்டோடு சேர்த்துக் குடை போலக் கட்டுவது வீண்: சூடு மேலே வருவது மண்ணிலிருந்து, நீங்கள் கட்டியது அந்த வழியைத்தான் அடைக்கிறது. பொலித்தீனை நேரே போட்டால் அது தொடும் இலை கருகும். கம்பி வளைத்து அதன்மேல் போடலாம். தோட்டக் கடைகளில் விற்கும் வெள்ளைத் துணியில் மெல்லியது 1, 2 பாகையும் தடித்தது 3, 4 பாகையும் காக்கும். 4 லீற்றர் பால் கான்களில் தண்ணீர் நிரப்பிப் பகல் முழுதும் வெயிலில் வைத்து, இரவில் துணிக்குள் தள்ளிவிட்டால் அதுவும் ஓரளவு உதவும். காலை 9 மணிக்குள் திறந்துவிடுங்கள். சாடிகளில் உள்ளவற்றுக்கு இந்தப் பாடு எதுவும் தேவையில்லை, கராஜுக்குள் இழுத்துவிட்டால் சரி.

கறுத்த தக்காளியைப் பிடுங்க வேண்டாம். நான்கு, ஐந்து நாள் பொறுங்கள். தண்டின் அடி பச்சையாக இருந்தால் இலைக்கணுவிலிருந்து துளிர் வரும். அப்போது கறுத்ததை வெட்டலாம்.

ஊரிலிருந்து வந்த பாவல், புடோல் விதைகள் மூன்று கிழமையாகியும் முளைக்கவில்லை. விதை பழுதா?
- வாசகி, மார்க்கம்

விதையைவிட இடம்தான் பிழையாக இருக்கக்கூடும். பாவலும் புடோலும் 28 பாகையளவில் விறுவிறுவென்று முளைப்பவை. 20இல் மண்ணுக்குள்ளேயே அழுகிப் போகும். ஏப்ரலில் இங்குள்ள பேஸ்மென்ட் 17, 18 பாகைதான். தவிர, குழாய்த் தண்ணீர் அந்த மாதத்தில் ஐஸ் போல வரும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் சாடி மண்ணைக் குளிர வைக்கிறீர்கள். தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் அறையில் வைத்த பின் ஊற்றுங்கள்.

இப்படிச் செய்து பாருங்கள். விதையின் ஓரத்தை நகவெட்டியால் மெல்ல நறுக்குங்கள். ஓடு மட்டும் வெடிக்க வேண்டும், உள்ளே இருக்கும் பருப்பில் படக்கூடாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் 12 மணி நேரம் ஊறவிடுங்கள். ஒரு நாளைத் தாண்டினால் விதை மூச்சுத் திணறும். பிறகு பேப்பர் டவலை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்து, விதைகளை அதில் சுற்றி, சிப் பையில் போட்டு, கன்றுகளுக்கென்று விற்கும் சூட்டுப் பாயின் மேல் வையுங்கள். தினமும் திறந்து பாருங்கள். பாவல் 5 முதல் 10 நாளில் வேர் விடும், புடோல் அதைவிடப் பிந்தலாம். வேர் 1 செ.மீ. ஆகும்போதே எடுத்து, வேர் கீழ்ப்பக்கம் இருக்க, 2 செ.மீ. ஆழத்தில் நடுங்கள். காத்திருந்தால் வேர் டவலுக்குள் ஓடிவிடும், பிரிக்கும்போது முறியும்.

ஆளுக்கொரு 10 செ.மீ. சாடி கொடுங்கள். பாவல் இனத்துக்கு வேரைக் கலைத்து மாற்றி நடுவது பிடிக்காது. நிலத்துக்குப் போகும் நாளுக்கு 3, 4 கிழமை முன்பு, அதாவது மே முதல் கிழமையில் முளைக்கப் போட்டால் போதும். மார்ச்சில் போட்டால் மே மாதம் உங்கள் வீட்டுத் திரைச்சீலையில்தான் கொடி ஏறும்.

கடையில் வாங்கிய பச்சைப் பாவற்காயில் எடுத்த விதையென்றால் விட்டுவிடுங்கள், அது முற்றாதது. பழுத்து வெடித்து, சிவந்த சதை மூடிய விதையே முளைக்கும். ஊரிலிருந்து கொண்டுவருபவர்களுக்கு: விதைகளை எல்லையில் கட்டாயம் அறிவிக்க வேண்டும்.

தட்டில் போட்ட மிளகாய்க் கன்றுகள் நன்றாக முளைத்து, இரண்டு இலையோடு நின்றபோது அடித்தண்டு மெலிந்து சரிந்துவிட்டன.
- வாசகர், ஏஜாக்ஸ்

பூஞ்சண நோய். ஈரமும் குளிரும் அசையாத காற்றும் சேர்ந்தால் வருவது. சரிந்தவை திரும்பாது, அவற்றை மண்ணோடு அள்ளி எறிந்துவிட்டு, மிஞ்சியவற்றைத் தள்ளி வையுங்கள். தோட்ட மண்ணைத் தட்டில் பாவிக்க வேண்டாம். பீட் அல்லது தும்புச்சோறு, பெர்லைட் கலந்த விதைக் கலவை வாங்குங்கள். மேலிருந்து ஊற்றாமல் தட்டில் தண்ணீர் விட்டு, அரை மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டுங்கள். மேல்மண் வெளிறிக் காயும்வரை அடுத்த தண்ணீர் இல்லை. முளைத்ததும் மூடியை எடுத்துச் சிறிய மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். பழைய தட்டுகளை 1 பங்கு பிளீச், 9 பங்கு தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். கறுவாத்தூள் தூவச் சொல்லும் அயலவர்கள் பலர். ஈரத்தைக் குறைக்காமல் கறுவா தூவுவதில் வாசம்தான் மிச்சம்.

யன்னல் வெளிச்சத்தை நம்பியிருந்தால் அடுத்த ஆண்டும் நெட்டைக் கன்றுதான் வரும். எல்ஈடி குழல் விளக்கைக் கன்றுக்கு 10 செ.மீ. மேலே தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். கன்று வளர வளர விளக்கையும் உயர்த்த வேண்டும்.

வெளியே வைத்த இரண்டாம் நாளே இலைகள் வெள்ளை வெள்ளையாக வெளிறிவிட்டன. குளிரா?
- வாசகி, மிசிசாகா

வெயில். வீட்டுக்குள் வளர்ந்த இலைக்கு நேர்வெயில் தெரியாது. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணியாகக் கூட்டி, நான்காம் நாளிலிருந்து காலை வெயில், 8 முதல் 10 நாளில் முழு வெயிலும் இரவும். காற்று பலமாக வீசும் நாளில் உள்ளேயே இருக்கட்டும். வெளிறிய இலை பச்சையாகாது, புது இலை சரியாக வரும்.

தக்காளி இலையின் அடிப்புறம் ஊதாவாக இருக்கிறது. என்ன பசளை போடலாம்?
- வாசகர், விற்பி

எதுவும் வேண்டாம். குளிர்ந்த மண்ணில் வேரால் பொசுபரசை உறிஞ்ச முடியாது, அதன் அடையாளம்தான் அந்த ஊதா. மண்ணில் பொசுபரசு இருக்கவே செய்யும். மண் சூடானதும் நிறம் தானாக மாறும். இப்போது கொட்டும் பசளை மழையோடு போய்விடும்.

அப்படியானால் ஏப்ரல், மே முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா?
- வாசகி, ரொறன்ரோ

இல்லை, கொத்தமல்லிக்கு இதுதான் காலம்! ஜூன் வெயில் வந்தால் அது இலையை விட்டுப் பூவுக்குப் போய்விடும். முழு மல்லியைக் கையால் மெல்ல உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து, 1 செ.மீ. ஆழத்தில் ஏப்ரல் நடுப்பகுதியில் தூவுங்கள். குளிரில் முளைக்க மூன்று கிழமைவரை எடுக்கும். பொறுமை போய்க் கிண்டிப் பார்க்க வேண்டாம். இலேசான உறைபனியைத் தாங்கும். இரண்டு கிழமைக்கு ஒரு முறை ஒரு வரி தூவினால் ஜூன் முடிவுவரை சம்பலுக்குக் குறையிராது. முள்ளங்கி, பட்டாணி, ஸ்பினாச், லெட்டியூஸ், கேல், கரட் எல்லாம் இதே காலத்தில் நேரே விதைக்கலாம். முளைக்கீரையை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள், அது சூடு கேட்கும்; மே முடிவில் போடுங்கள்.

விதைக்குமுன் ஒரு பிடி மண்ணைக் கையில் உருட்டி விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். களியாக ஒட்டி நின்றால் கொத்தாதீர்கள், மிதிக்கவும் வேண்டாம். ஈரத்தில் கொத்திய களிமண் கோடையில் செங்கல்லாகிவிடும். ரொறன்ரோவின் புதிய வீடுகளின் பின்வளவுகளில் களிமண் அதிகம்.

கறிவேப்பிலை குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. எப்போது வெளியே விடலாம்?
- வாசகர், பிக்கரிங்

இரவு 12 பாகைக்குக் கீழே போகாத நிலை வந்தபின், அதுவும் முதல் பத்து நாள் நிழலில். தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இலையில்லாத மரம் தண்ணீர் குடிப்பது குறைவு, பசளையும் கேட்காது. துளிர் வந்த பிறகே இரண்டையும் கூட்டுங்கள். வேர் சாடியைச் சுற்றிப் பின்னியிருந்தால் மட்டும் 5 செ.மீ. அகலம் கூடிய சாடிக்கு மாற்றலாம். பெரிய சாடியில் வைத்தால் கெதியாக வளரும் என்று நினைத்து வாளி அளவுக்கு மாற்றுகிறார்கள். வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும். இலையின் அடியில் சிலந்திப் பேன், தண்டில் செதில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, குழாய்த் தண்ணீரால் பீச்சிக் கழுவியே வெளியே விடுங்கள்.

சிறகவரையும் அவரையும் வேலி நிறையப் படர்கின்றன, ஆனால் செப்டெம்பர் முடிவில்தான் பூக்கின்றன. காய்க்குமுன் பனி வந்துவிடுகிறது. இன்னும் முந்தி நட்டால் சரியாகுமா?
- வாசகி, பிராம்ப்டன்

ஆகாது. இவற்றின் ஊர் இனங்கள் பல, பகல் குறுகினால்தான் பூப்பவை. யாழ்ப்பாணத்தில் ஆகக் கூடிய பகலே 13 மணி நேரத்தை எட்டாது. ரொறன்ரோவில் ஜூனில் 15 மணிக்கும் அதிகம். செப்டெம்பர் வரும்வரை கொடிக்குப் பூக்கும் நேரம் என்று தெரியாது. குளிரில் முந்தி நட்டு விதையை வீணாக்குவதைவிட, பகல் நீளத்தைப் பாராமல் பூக்கும் இனம் என்று பையில் எழுதியிருக்கும் விதையை வாங்குங்கள். சிறகவரையில் அப்படிப்பட்டது கிடைப்பது கடினம். அவரையில் குறுகிய காலச் செடி இனங்கள் உண்டு. பயித்தை இந்த விடயத்தில் பெரும்பாலும் தொந்தரவு தராது. ஒன்ராறியோவின் வைன்லன்ட் ஆய்வு நிலையம் வெண்டி, நீளக் கத்தரியோடு பயித்தையையும் இங்கே பயிரிட்டுப் பார்த்திருக்கிறது. அந்த வேலியில் பாதியைப் பயித்தைக்குக் கொடுத்து, ஜூன் முதல் கிழமையில் நேரே விதையுங்கள்: 2 செ.மீ. ஆழம், 20 செ.மீ. இடைவெளி. முளை வெளியே வந்து நான்கு இலை விடும்வரை மேலே கம்பி வலை போட்டு வையுங்கள். மே மாத உறைபனியில் தப்பியவற்றையும் அணில் விடுவதில்லை.