வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள்: மிச்சமான பள்ளிக் கட்டணம் எங்கே போகிறது?

கேள்வி: மதுரையில் வசிக்கிறோம். இரண்டு பெண்கள், மூத்தவளுக்கு 11 வயது, இளையவளுக்கு 7. மூன்று வருடமாக இருவரையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். அதற்காகத்தான் நான் வேலையை விட்டேன். ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எட்டு வருடம் இருந்தேன், கடைசியாக வாங்கிய சம்பளம் 32,000 ரூபாய். கணவருக்கு ஆண்டுச் சம்பளம் 12 லட்சத்துக்குள், பிடித்தம் போகக் கைக்கு 82,000 வருகிறது. வீட்டுக் கடன் தவணை 22,000, நகைச் சீட்டு 5,000. வங்கியில் 1,20,000 ரூபாய் டெபாசிட் இருக்கிறது. முன்பு பள்ளிக் கட்டணம், வேன் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,64,000 கட்டினோம். அது இப்போது இல்லை, ஆனாலும் மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதில்லை. காலையில் பாடம், சமையல், பதினொரு மணிக்கு ஒருத்தியைச் சிலம்பத்துக்கு விட்டு வருவது, மாலையில் இன்னொருத்தியை நீச்சலுக்கு அழைத்துப் போவது என்று பகல் முழுக்க ஓட்டம்தான். இப்போது மூத்தவளின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக மூன்று வருட ஆன்லைன் கோர்ஸ் ஒன்றை 96,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் வீட்டுக்கே வந்து பேசினார். வட்டியில்லாத் தவணை என்கிறார். வாங்கலாமா? அதற்கு என் பழைய பிஎஃப் பணத்தை எடுக்கலாமா? (ஒரு மாதச் செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன்.)

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த கோர்ஸை வாங்காதீர்கள். பிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள். காரணங்களைப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் செலவுக் கணக்கில் அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது.

பிள்ளைகளின் படிப்போடு தொடர்புடையவற்றை மட்டும் தனியாகக் கூட்டிப் பார்த்தேன். வகுப்புக் கட்டணங்கள் 6,300, பெட்ரோலும் ஆட்டோவும் 1,800, புத்தகம், வண்ணம், அட்டை இத்யாதி 1,500, மற்ற ஹோம் ஸ்கூலிங் குடும்பங்களோடு வெளியே போய்வருவது 2,000, மூவரும் பகலில் வீட்டில் இருப்பதால் கூடும் சமையல், மின்சாரச் செலவு 2,500, ஆன்லைன் சந்தாக்கள் 900. ஆக மாதம் 15,000. வருடத்துக்கு 1,80,000. பள்ளிக்குக் கட்டியதைவிட 16,000 அதிகம். பள்ளி ஜூனில் ஒரு தொகை, அக்டோபரில் ஒரு தொகை என்று கேட்டு வாங்கியது, அதனால் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது அதே பணம் ஐநூறும் ஆயிரமுமாகக் கசிகிறது. மிச்சமானது என்று நீங்கள் நினைக்கும் கட்டணம் ஒரு மாதம்கூட மிச்சமாக இருந்ததில்லை.

இதில் உங்கள் சம்பளத்தை நான் இன்னும் சேர்க்கவில்லை. மாதம் 32,000 என்றால் வருடத்துக்கு 3,84,000. உங்கள் வீட்டில் ஹோம் ஸ்கூலிங்கின் உண்மையான விலை அதுதான், புத்தகமும் நீச்சலும் அதற்கு முன்னால் சில்லறை. இதைச் சொல்வது உங்கள் முடிவைக் குறை சொல்வதற்காக இல்லை. இரண்டு பெண்களுக்கு நாள் முழுக்க ஓர் ஆள் கூடவே இருந்து சொல்லித் தருவது பெரிய விஷயம், அதற்கு அந்த விலை கொடுக்கலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த விலையை இப்போது நீங்கள் ஒருவரே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். வீட்டில் இரண்டு பேர் முழுநேர வேலை பார்க்கிறார்கள். ஒருவர் பெயரில் பிஎஃப் ஏறுகிறது, அலுவலகக் காப்பீடு இருக்கிறது, கடன் வரலாறு உருவாகிறது. இன்னொருவர் பெயரில் மூன்று வருடமாகப் புதிதாக ஒரு ரூபாய்கூடச் சேமிக்கப்படவில்லை. பிள்ளைகளுக்கு என்ன சேமிப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் இதைச் சரி செய்யுங்கள்.

எப்படி என்றால், உங்கள் பெயரில் ஒரு பிபிஎஃப் கணக்கு, அதாவது அரசின் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு. அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொடங்கலாம். கணவரின் சம்பளம் வரும் நாளிலேயே மாதம் 5,000 அதற்குப் போகட்டும், மாதக் கடைசியில் மிஞ்சினால் பார்ப்போம் என்று வைக்க வேண்டாம். இப்போதைய 7.1 சதவீத வட்டி அப்படியே நீடித்தால் 15 வருடத்தில் ஏறக்குறைய 16 லட்சம் சேரும். பிபிஎஃப்பை நான் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. கணவர் கொடுத்த பணத்தை உங்கள் பெயரில் வங்கி டெபாசிட்டாகப் போட்டால், அதன் வட்டி கணவரின் வருமானத்தோடு சேர்த்துத்தான் வரிக்குக் கணக்கிடப்படும். பிபிஎஃப் வட்டிக்கு வரியே கிடையாது என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

வரி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குக் கட்டும் டியூஷன் கட்டணத்தைப் பழைய வரி முறையில் வரிக் கழிவாகக் காட்டலாம், வீட்டில் படிக்க வைக்கும் செலவை எதிலும் காட்ட முடியாது. அதனால் நஷ்டம் என்று உங்கள் உறவினர்கள் யாராவது சொல்லியிருக்கலாம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை. உங்கள் கணவர் அதற்குள்தான் வருகிறார், ஆகவே நஷ்டம் ஒன்றும் இல்லை.

சரி, 5,000 எங்கிருந்து வரும்? உங்கள் கணக்கில் அபாகஸ் 1,100, வேதக் கணிதம் 1,100 என்று இரண்டு வரிகள் இருக்கின்றன. எட்டு வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த அம்மா வீட்டில் இருக்கிறார், அவரிடமிருந்து கணக்கைக் கற்க வேண்டிய நேரத்தில் பிள்ளைகள் வெளியே போகிறார்கள், கூட்டிப் போய் வரும் அலைச்சலும் உங்களுக்கே. வீட்டில் படிக்க வைக்கும் பல குடும்பங்களில் இதைப் பார்க்கிறேன். கல்யாண வீட்டில் யாராவது "புள்ளைங்க என்ன படிக்குது?" என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பட்டியல் வேண்டியிருக்கிறது. கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதற்காக மாதாமாதம் கட்டணம் கட்ட வேண்டாம். சிலம்பமும் நீச்சலும் பிள்ளைகள் ஆசையாகக் கேட்டவை என்று எழுதியிருக்கிறீர்கள், அவை இருக்கட்டும். மற்ற இரண்டையும் நிறுத்துங்கள். 900 ரூபாய் சந்தாவும் போகட்டும். சிலம்ப வகுப்பு நாட்களில் வெளியிலிருந்து வரவழைக்கும் மதியச் சாப்பாட்டில் இன்னொரு 900 இருக்கிறது. சோம்பலால் வாங்குவதில்லை, பதினொரு மணி வகுப்பால் சமையல் நேரம் போய்விடுவதால் வாங்குகிறீர்கள். பயிற்சியாளரிடம் பேசி மாலை வகுப்புக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். இவை மட்டுமே மாதம் 4,000. மின்கட்டணத்தையும் கவனியுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கிடும் முறையே மாறிவிடும், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்லாமல் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும். பகலில் ஏசி போட்டுப் பாடம் நடத்தும் வீடுகள் அந்தக் கோட்டில்தான் இடறுகின்றன.

மதுரையில் இருப்பது உங்களுக்கு ஒரு வசதி. புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் காலைப் பாடத்தை அங்கே வைத்துக்கொண்டால் புத்தகச் செலவு குறையும், வீட்டில் மின்விசிறியும் நிற்கும், உங்களுக்கும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்கக் கிடைக்கும். காந்தி அருங்காட்சியகம், கீழடி அருங்காட்சியகம் இரண்டுக்கும் கூட்டமில்லாத வேலை நாளில் போக முடிவது பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்லாத பாக்கியம். பாட்டு, ஓவியம் மாதிரி ஏதாவது வேண்டுமென்றால் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றத்தில் மிகக் குறைந்த கட்டணத்தில் வார இறுதி வகுப்புகள் உண்டு.

இனி அந்த 96,000 ரூபாய் கோர்ஸ். வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும் அது கடன்தான். ஒரு நிதி நிறுவனம் உங்கள் கணவர் பெயரில் கடன் கொடுத்து, கோர்ஸ் நிறுவனத்துக்கு மொத்தமாகப் பணத்தைக் கட்டிவிடும். ஆறு மாதத்தில் மகளுக்குப் பிடிக்காமல் போனாலும், நடத்தும் நிறுவனமே மூடிவிட்டாலும், தவணை நிற்காது. கட்டாமல் விட்டால் கடன் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண் அடிபடும், வீட்டுக் கடன் இருக்கும் குடும்பத்துக்கு அது ஆபத்து. அதைவிட, அந்த கோர்ஸ் தேவையே இல்லை. மகள் எழுதப்போவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்ஐஓஎஸ் தேர்வு என்றால், பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைய வேண்டும், மகளுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. ஐந்து பாடங்களுக்கும் சேர்க்கை, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்தான். பாடப் புத்தகங்கள் அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, தமிழ் வழியிலும் எழுதலாம். ஒரே மூச்சில் ஐந்து பாடத்தையும் எழுத வேண்டியதும் இல்லை. பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு, தேறிய பாடம் தேறியதாகவே நிற்கும். அவ்வளவு அவகாசம் தரும் ஒரு தேர்வுக்கு மூன்று வருடம் முன்னாலேயே கடன் வாங்கித் தயாராவதில் அர்த்தமில்லை. பத்தாம் வகுப்புக்கு நிகரான கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ தேர்வின் பக்கம் மனம் போனால் மட்டும் கணக்கு வேறு. தனித்தேர்வராக ஒவ்வொரு பாடத்துக்கும் பல ஆயிரம் ஆகும்.

பணம் உண்மையாகவே தேவைப்படும் இடம் அதற்கு அப்புறம்தான். பத்தாவது முடித்ததும் "எனக்குப் பள்ளிக்குப் போகணும், ஃப்ரெண்ட்ஸ் வேணும்" என்று மகள் கேட்கலாம். பதினைந்து வயதில் அது நியாயமான ஆசை. பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்குப் பணம் இல்லையென்பதால் அவளை வீட்டில் வைத்திருக்கும் நிலைமை வரக் கூடாது. மூத்தவளின் செல்வமகள் சேமிப்புக் கணக்கு பத்தாவது தேறியவுடன் இதற்கு உதவும், கல்விக்காக முந்தைய ஆண்டு இருப்பில் பாதி வரை எடுக்கலாம். இளையவளுக்குக் கணக்கே தொடங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 10 வயதுக்குள் தொடங்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். இப்போதைய 8.2 சதவீத வட்டியில் 15 வருடம் மாதம் 1,000 போட்டால்கூட 21 வருட முடிவில் சுமார் 5.5 லட்சம் வரும்.

நகைச் சீட்டை இந்தச் சுற்று முடிந்ததும் புதுப்பிக்க வேண்டாம். அந்த 5,000 காப்பீட்டுக்கு வேண்டும். கணவர் பெயரில் ஒரு கோடிக்குக் குறையாமல் டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு. உங்களுக்கும் ஒன்று. "சம்பாதிக்காதவளுக்கு எதற்கு?" என்று நீங்களே கேட்பீர்கள். நாளைக்கு நீங்கள் இல்லையென்றால் கணவர் இரண்டு பெண்களையும் பள்ளியில் சேர்த்து, மாலையில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து, சமையலுக்கும் ஏற்பாடு செய்தாக வேண்டும். மாதம் 25,000-க்குக் குறையாது. இளையவளுக்கு 18 ஆகும் வரை 11 வருடம் என்றால் 33 லட்சம், விலைவாசி ஏற்றம் தனி. இல்லத்தரசிகளுக்கு டேர்ம் பாலிசி தரும் நிறுவனங்கள் இருக்கின்றன, கணவரின் பாலிசியோடு சேர்த்துக் கேளுங்கள். அலுவலக மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்பதால் குடும்பத்துக்கென்று தனியாக ஒன்று எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை.

ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு ஆறு மாதச் செலவு கையிருப்பாக வேண்டும், உங்களிடம் இருக்கும் 1,20,000 இரண்டு மாதத்துக்குக்கூடத் தாங்காது. இதை மெதுவாகச் சேர்க்கலாம். கணவரின் வேலைக்கு ஒரு சிக்கல் வந்தால் உங்கள் 15,000 ரூபாய்க் கல்விச் செலவை அடுத்த மாதமே 3,000 ஆக்கிவிட முடியும், பள்ளிக் கட்டணம் அப்படி வளைந்து கொடுக்காது. வீட்டுக் கல்வியில் பண ரீதியாக எனக்குப் பிடித்த அம்சமே இதுதான்.

வீட்டிலிருந்தே இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கலாமா என்று போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். இப்போது ஓடும் ஓட்டத்தில் வேண்டாம். அந்த இரண்டு வகுப்புகளை நிறுத்திய பிறகு வாரத்தில் சில மணி நேரம் உங்களுக்கென்று கிடைத்து, அப்போதும் ஆசை இருந்தால் செய்யுங்கள். வரும் பணம் வீட்டுச் செலவில் கலக்காமல் உங்கள் கணக்கிலேயே நிற்கட்டும்.

கடைசியாக உங்கள் பிஎஃப். வேலையை விட்டாலும் 58 வயது வரை அதற்கு வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும், 2024-25-க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள். வேலையை விட்ட பிறகு ஏறும் வட்டிக்கு வரி உண்டு, உங்களுக்கு வேறு வருமானம் இல்லாததால் அது சுமையாக இருக்காது. பிஎஃப்போடு சேர்ந்த ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிடாதீர்கள். பத்து வருட சேவை முடிந்தால்தான் மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி, உங்களுக்கு எட்டு வருடம் ஆகியிருக்கிறது. படிவம் 10சி கொடுத்து, பணத்துக்குப் பதிலாக, சேவைக் காலத்துக்குச் சான்றான ஸ்கீம் சர்டிபிகேட் கேட்டு வாங்கி வையுங்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு மறுபடி வேலைக்குப் போனால் அந்த எட்டு வருடமும் சேர்த்துக் கணக்கில் வரும்.